குளோபல் செட்டிங்ஸில் கை வைக்கும் முன்

ஒரு வியாழக்கிழமை இரவு பத்தரை மணி. சிங்கப்பூர் உபியில் எங்கள் அலுவலகத்தில் நானும், திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன தம்பியும் மட்டும் இருந்தோம். வாடிக்கையாளர் ஒருவர் மாலை ஏழு மணிக்குத் தன் விஎம் (மெய்நிகர் கணினி) ஒன்றை நிறுத்தியிருக்கிறார். பராமரிப்பு முடிந்து திரும்ப ஸ்டார்ட் கொடுத்தால், போதிய இடமில்லை என்று பிழை வருகிறது. அதே விஎம், அதே அளவு. மூன்றரை மணி நேரத்துக்கு முன்புவரை ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி தேடி, கிளஸ்டரின் (ஒன்றாகச் சேர்த்து நடத்தும் சர்வர்களின் கூட்டம்) நினைவக வரம்பு 0.85, அதாவது 85 விழுக்காடு, என்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். "அக்கா, இதை 0.95 ஆக்கிட்டா போதும்ல? ரெண்டு கிளிக் வேலைதான்."

ரெண்டு கிளிக் வேலைதான். ஆனால் "கொஞ்சம் பொறு தம்பி" என்றேன். அந்த இரவு அவனுக்குச் சொன்னதையும், பிறகு நான்கைந்து நாள் சாப்பாட்டு வேளையில் சொல்லி முடித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் தளம் கிளவுட்ஸ்டாக், விஎம்களை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து நிர்வகிக்கும் மென்பொருள். அதை நடத்தும் யாருக்கும் இது உதவும். வேறு தளம் என்றாலும் செட்டிங்குகளின் பெயர்தான் மாறும்.

ஒரு சின்ன குறிப்பு: செட்டிங் பெயர்கள் திரையில் சிறிய எழுத்தில், புள்ளி வைத்துப் பிரித்து இருக்கும். நாம் வாயால் சொல்லும் உச்சரிப்பிலேயே அவற்றை இங்கே எழுதுகிறேன். தேடல் பெட்டியில் முதல் ஒன்றிரண்டு சொற்களைத் தட்டினாலே வந்துவிடும்.

அது என்ன பக்கம்

நிர்வாகியாக உள்ளே போனால் இடது பக்கப் பட்டியலில் கான்ஃபிகரேஷன் என்று இருக்கும், அதற்குள் குளோபல் செட்டிங்ஸ். நூற்றுக்கணக்கான வரிகள். ஒவ்வொன்றிலும் பெயர், விளக்கம், மதிப்பு.

இவற்றை ஒரே கை எழுதவில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். கிளவுட்ஸ்டாக்கை ஒரு சிறு நிறுவனம் ஆரம்பித்தது, 2011-இல் சிட்ரிக்ஸ் வாங்கியது, 2012 ஏப்ரலில் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. அதிலிருந்து பல நாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு அம்சம் சேர்க்கும்போது ஆளுக்கொரு செட்டிங்கும் சேர்த்தார்கள். அதனால் பெயர் வைப்பதிலும் அலகிலும் ஒரே முறை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

சொல்கிறேன், கேளுங்கள். அழித்த விஎம்-ஐ எவ்வளவு நேரம் கழித்து அடியோடு நீக்கலாம் என்று சொல்லும் ‘எக்ஸ்பஞ்ச்.டிலே’ நொடியில் இருக்கிறது. 86400 என்றால் ஒரு நாள். பழைய நிகழ்வுப் பதிவுகளை எப்போது துடைக்கலாம் என்னும் ‘ஈவென்ட்.பர்ஜ்.டிலே’ நாளில் இருக்கிறது. அங்கே 15 என்றால் பதினைந்து நாள். பயன்பாட்டுக் கணக்கை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை தொகுப்பது என்னும் செட்டிங் நிமிடத்தில் இருக்கிறது, 1440 என்று. இரண்டு பெயர்களின் வால் ஒன்றுபோல ‘டிலே’ என்று முடிகிறது, ஒன்று நொடி, மற்றது நாள்! நாள் கணக்கு என்று நினைத்து எக்ஸ்பஞ்ச் டிலேயில் 7 என்று போட்டுவிட்டால், ஒரு வாரம் காப்பாற்றி வைக்க நினைத்த விஎம் ஏழு நொடியிலேயே நீக்கத் தகுதியாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது ‘கெப்பாசிட்டி.ஸ்கிப்கவுன்டிங்.ஹவர்ஸ்’. பெயரிலேயே மணி என்று இருக்கிறது. ஆனால் விளக்க வரியைப் படித்தால் நொடி என்று இருக்கும். முன்னிருப்பு மதிப்பு 3600, அதாவது ஒரு மணி நேரம். நிறுத்திய விஎம் பிடித்திருந்த சிபியு, நினைவக இடத்தை எவ்வளவு நேரம் அதற்கென்றே ஒதுக்கி வைப்பது என்பதை இது தீர்மானிக்கிறது. அந்த நேரம் கடந்தால் இடம் பொதுக் கணக்குக்குப் போய்விடும்.

அந்த வியாழக்கிழமை நாங்கள் திறந்து பார்த்தபோது அதில் 24 என்று இருந்தது.

இருபத்து நான்கு மணி நேரம் என்று நினைத்து யாரோ போட்டது, உண்மையில் இருபத்து நான்கு நொடி. வாடிக்கையாளர் விஎம்-ஐ நிறுத்திய அரை நிமிடத்தில் அதன் இடம் பொது இடமாகிவிட்டது. இரவுக்குள் வேறு விஎம்கள் அதில் வந்து உட்கார்ந்துவிட்டன. கிளஸ்டர் 85 விழுக்காட்டைத் தாண்டியது. திரும்பி வந்தவருக்கு நாற்காலி இல்லை. அன்றைக்கு 0.85-ஐ 0.95 ஆக்கியிருந்தால் அந்த ஒரு விஎம் ஓடியிருக்கும், காரணம் அப்படியே புதைந்து கிடந்திருக்கும்.

யார் மாற்றியது என்று பார்க்க நிகழ்வுப் பட்டியலுக்குப் போனோம். ஒன்றுமில்லை. செட்டிங் மாற்றங்களை கிளவுட்ஸ்டாக் நிகழ்வாகப் பதிவு செய்யத்தான் செய்கிறது, ஆனால் பதினைந்து நாளில் துடைத்துவிடுகிறது. என் மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. அதை எடுத்துப் புரட்டினேன். ஐந்து மாதத்துக்கு முந்திய தேதி, 3600-இலிருந்து 24, காரணம்: "நிறுத்திய விஎம்-க்கு ஒரு நாள் இடம் வைக்க." கையெழுத்து என்னுடையது. விளக்க வரியை நான் படிக்கவில்லை.

தம்பியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருப்பவளுக்கே இது நடந்தது என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். எந்த எண்ணையும் தொடும் முன் விளக்க வரியை விரல் வைத்துப் படித்து, அலகை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்கள் அணிக்கு அன்றிலிருந்து வந்தது. (அன்று இரவு அந்த விஎம்-ஐ எப்படிக் காப்பாற்றினோம் என்றால், பக்கத்து கிளஸ்டரில் இடம் இருந்தது. எங்கள் சொந்தச் சோதனை விஎம்கள் நான்கை அங்கே மாற்றி இங்கே இடம் உண்டாக்கினோம். வரம்பைத் தொடவில்லை.)

எவ்வளவு தூரம் பாயும்

அடுத்து பார்க்க வேண்டியது, அந்த மதிப்பு எந்த எல்லைவரை செல்லும் என்பது. இதற்கு ஸ்கோப் என்று பெயர். சில செட்டிங்குகள் மொத்தத் தளத்துக்கும் ஒன்றுதான். பலவற்றை ஸோன் (ஒரு தரவு மையம் அளவு), கிளஸ்டர், சேமிப்புத் தொகுதி, டொமைன் (கணக்குகளின் தொகுப்பு), கணக்கு என்று ஒவ்வொரு மட்டத்திலும் தனியாக வைக்கலாம். அந்தக் கிளஸ்டரின் அல்லது கணக்கின் பக்கத்தைத் திறந்தால் அதற்குள்ளேயே செட்டிங்ஸ் என்று ஒரு தாவல் இருக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கில் மாடித் தொட்டிக்கு ஒரு வால்வு உண்டு, நம் வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு வால்வு உண்டு. குளியலறைக் குழாய் ஒழுகினால் எதை மூடுவோம்? கேட்டால் எல்லோருக்கும் விடை தெரியும். ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு தேவை வந்ததும் குளோபல் பக்கத்துக்கு ஓடிவிடுகிறோம், தேடல் பெட்டி அங்கே வசதியாக இருப்பதால். என் வழக்கம்: எந்தக் கோரிக்கை வந்தாலும் ஆகக் குறுகிய மட்டத்தில் முடியுமா என்று முதலில் பார்ப்பேன். அங்கே அந்தச் செட்டிங் இல்லை என்றால்தான் ஒரு படி மேலே போவேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டொமைன் மட்டத்தில் ஒரு மதிப்பை வைத்தால், அதற்குள் இருக்கும் கணக்குகள் தாமாகவே அதை எடுத்துக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முன்னிருப்பில் அப்படி இல்லை. ‘எனேபிள்.அக்கவுன்ட்.செட்டிங்ஸ்.ஃபார்.டொமைன்’ என்பதை ட்ரூ ஆக்கினால்தான் டொமைனில் வைத்தது கணக்குக்கு இறங்கும். டொமைனில் வைத்தேன், வேலை செய்யவில்லை என்று அரை நாள் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்பார்கள்.

ஒரு கணக்குக்கு எத்தனை விஎம் என்பது போன்ற வரம்புகளும் இந்த மாதிரிதான். குளோபலில் முன்னிருப்பு 20. ஒரு கணக்குக்கு ஏற்கெனவே தனி வரம்பு எழுதியிருந்தால், குளோபலில் 50 போட்டாலும் அந்தக் கணக்குக்கு எதுவும் மாறாது. -1 என்றால் வரம்பே இல்லை. -1 யாருக்கும் போடாதீர்கள், உள் அணிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஓர் இரவில் ஒரு தவறான ஸ்கிரிப்ட் போதும்.

மாற்றும் முறை

மாற்றுவதற்கு முன் தரவுத்தளத்தின் நகல் எடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் கிளவுட் என்ற தரவுத்தளம், அதில் கான்ஃபிகரேஷன் என்ற அட்டவணையில் குளோபல் மதிப்புகள் இருக்கும். ஆனால் அதை மட்டும் எடுத்தால் போதாது. கிளஸ்டர், ஸோன், கணக்கு மட்டத்தில் வைத்தவை வேறு வேறு அட்டவணைகளில் இருக்கின்றன. எனவே மைஎஸ்கியூஎல்டம்ப் கொண்டு மொத்தத் தரவுத்தளத்தையும் எடுத்துவிடுங்கள்.

அந்த அட்டவணைக்குள் நேரே போய் மதிப்பை மாற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நேரே மாற்றினால் சரிபார்ப்பு நடக்காது, நிகழ்வுப் பதிவு இருக்காது. கடவுச்சொல் போன்றவை குறியாக்கம் செய்து வைக்கப்பட்டிருக்கும், அங்கே வெறும் எழுத்தைப் போட்டால் தளத்தை நடத்தும் மேனேஜ்மென்ட் சர்வர் எழும்பாமலே போகலாம். திரை வழியாக மாற்றுங்கள், அல்லது கிளவுட்மங்கி கட்டளைக் கருவி வழியாக ‘அப்டேட் கான்ஃபிகரேஷன்’ கொடுங்கள். இரண்டுமே ஒரே ஏபிஐ (நிரல்கள் தளத்தோடு பேசும் வாசல்) வழியாகத்தான் போகின்றன.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றை மாற்றிவிட்டு ஏதாவது உடைந்தால், எது உடைத்தது என்று கண்டுபிடிக்க மூன்று மடங்கு நேரமாகும்.

என் நோட்டில் ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி: தேதி, செட்டிங், எந்த மட்டம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, அலகு, கேட்டது யார், ஏன். அலகு என்ற பத்தி அந்த வியாழனுக்குப் பிறகு சேர்ந்தது. நீங்கள் நோட்டில் எழுதினாலும் சரி, கிட் என்னும் பதிப்புக் கருவியில் ஒரு கோப்பாக வைத்தாலும் சரி, "ஏன்" என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது பழைய மதிப்பு எங்கேயாவது கிடைத்துவிடும், காரணம் கிடைக்காது. கூடவே ‘ஈவென்ட்.பர்ஜ்.டிலே’யை 15-இலிருந்து உயர்த்துங்கள். நாங்கள் 400 வைத்திருக்கிறோம், ஒரு வருடத்துக்குமேல் பின்னோக்கிப் பார்க்கலாம். 0 போட்டால் துடைக்கவே துடைக்காது, தரவுத்தளம் பருத்துக்கொண்டே போகும்.

சில மாற்றங்கள் உடனே பிடித்துக்கொள்ளும். சிலவற்றுக்கு மேனேஜ்மென்ட் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், திரையே சொல்லும். ரீஸ்டார்ட் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களுக்கு ஒன்றும் ஆகாது, அவை ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் நிஜச் சர்வர்) தம்பாட்டுக்கு ஓடும். ஆனால் அந்த நேரத்தில் பாதியில் இருக்கும் பணிகள், அதாவது ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்நேர நகல்) எடுப்பது, வால்யூம் (விஎம்-இன் வட்டு) நகர்த்துவது, டெம்ப்ளேட் (புது விஎம்-க்கான அச்சு) உருவாக்குவது எல்லாம் அறுந்துபோகும். எங்களிடம் ஸ்னாப்ஷாட் அட்டவணை இரவு ஒரு மணியிலிருந்து மூன்றுவரை. அதனால் ரீஸ்டார்ட் வேலையை ஞாயிறு காலை ஆறு மணிக்கு வைத்திருக்கிறோம். அவ்வளவு காலையில் ஈசூனிலிருந்து வருவது எனக்குச் சிரமம்தான், ஆனால் அந்த ஒரு மணி நேரம் தளம் அமைதியாக இருக்கும்.

மேனேஜ்மென்ட் சர்வர் இரண்டு வைத்திருந்தால் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், ஒன்று முழுதாக எழும்பிய பிறகு மற்றது. ஒன்றை மறந்துவிட்டால், கோரிக்கைகளைப் பங்கிடும் லோட் பேலன்சர் வழியாக வரும் கோரிக்கைகளில் பாதி புதிய மதிப்பிலும் பாதி பழைய மதிப்பிலும் நடக்கும். ஒரு தடவை சரியாக வருகிறது, மறு தடவை வரவில்லை என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

‘ஹோஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல்

புதிதாகத் தளம் நிறுவியவுடன் நான் முதலில் பார்ப்பது இந்தப் பெயருள்ள செட்டிங்கைத்தான். மேனேஜ்மென்ட் சர்வரின் ஐபி முகவரி. சிஸ்டம் விஎம்களும் (டெம்ப்ளேட் இறக்கவும் கன்சோல் காட்டவும் தளமே ஓட்டும் இரண்டு விஎம்கள்) கேவிஎம் ஏஜென்டுகளும் (ஹோஸ்டில் ஓடும் நிரல்) இந்த முகவரியில் 8250 போர்ட்டில் வந்து பேசும். அந்தச் சர்வரில் ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் கார்டு இருந்தாலோ, டாக்கர் போட்டிருந்தாலோ, 172.17.0.1 போன்ற உள்முக முகவரி இதில் உட்கார்ந்துவிட வாய்ப்புண்டு. அப்போது சிஸ்டம் விஎம்கள் ஓடுவதாகக் காட்டும், ஆனால் ஏஜென்ட் நிலை மட்டும் இணையாது. டெம்ப்ளேட் இறங்காது, கன்சோல் திறக்காது. நெட்வொர்க், ஃபயர்வால், சேமிப்பகம் என்று எல்லா இடத்திலும் தேடிவிட்டுக் கடைசியில்தான் இங்கே வருவோம். முதலிலேயே இங்கே வாருங்கள்.

சரியான முகவரியைப் போட்டு ரீஸ்டார்ட் செய்த பிறகு, அந்த இரண்டு சிஸ்டம் விஎம்களையும் அழித்துவிடலாம். பயப்பட வேண்டாம், கிளவுட்ஸ்டாக் தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். மேனேஜ்மென்ட் சர்வர் இரண்டு என்றால் இரண்டு முகவரியையும் காற்புள்ளி போட்டு எழுதுங்கள்.

பந்தியும் இலையும்

இப்போது தம்பி கேட்ட 0.85-க்கு வருகிறேன்.

இங்கே இரண்டு வகை எண்கள் கைகோத்து நிற்கின்றன. ஒன்று ஓவர்புரொவிஷனிங் ஃபேக்டர்: இருப்பதைவிட எத்தனை மடங்கு ஒதுக்கலாம். மற்றது டிசேபிள் த்ரெஷோல்ட்: எத்தனை விழுக்காடு ஒதுக்கியதும் புது விஎம் ஏற்பதை நிறுத்த வேண்டும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு பேருக்குப் பத்திரிகை வைக்கிறோம், ஆனால் ஒரே நேரத்தில் முந்நூறு பேரும் உட்காரப்போவதில்லை என்று தெரிந்துதான் நூறு இலை போடுகிறோம். சிபியு அப்படித்தான். பெரும்பாலான விஎம்கள் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தாலும் கொஞ்சம் காத்திருந்து சாப்பிட்டுப் போகும். அதனால் எங்கள் பொதுக் கிளஸ்டரில் சிபியு ஃபேக்டர் 3. தரவுத்தளங்களுக்கென்று தனியாக வைத்த கிளஸ்டரில் 1. இதைக் கிளஸ்டர் மட்டத்திலேயே வைக்கலாம், குளோபலில் 1 என்றே விட்டிருக்கிறோம்.

நினைவகம் அப்படிக் காத்திருக்காது. போதவில்லை என்றால் ஹோஸ்ட் ஸ்வாப்புக்கு (வட்டை நினைவகமாகப் பயன்படுத்துவது) போகும், இல்லையென்றால் ஏதோ ஒரு விஎம்-ஐ அப்படியே கொன்றுவிடும். நினைவக ஃபேக்டரை நான் 1-க்கு மேல் வைத்ததே இல்லை. சிலர் 1.2, 1.5 என்று வைத்து நன்றாக ஓட்டுகிறார்கள், அவர்கள் பலூன் டிரைவரை (பயன்படாத நினைவகத்தை ஹோஸ்டுக்குத் திருப்பித் தரும் நிரல்) எல்லா விஎம்-இலும் சரிபார்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் தாங்களே ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டுக் கோப்பு) கொண்டுவந்து நிறுவுகிறவர்கள், எனக்கு அந்த உறுதி இல்லை.

இன்னொன்று: ஃபேக்டரை மாற்றினால் ஏற்கெனவே ஓடும் விஎம்கள் பழைய விகிதத்திலேயே இருக்கும். நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் புதிய விகிதத்துக்கு வரும்.

வரம்பு 0.85-க்கு இனி கணக்குப் போடுவோம். தம்பிக்கு இதைக் கீழே கோப்பிக்கடையில் தே தாரிக் கோப்பையின் பக்கத்தில் ஒரு ரசீதின் பின்புறம் போட்டுக் காட்டினேன். எங்கள் கிளஸ்டரில் 6 ஹோஸ்ட், ஒவ்வொன்றிலும் 512 ஜிபி. மொத்தம் 3072. 85 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 2611 ஜிபி வரை ஒதுக்கலாம். ஒரு ஹோஸ்ட் விழுந்துவிட்டது என்று வையுங்கள். மிச்சம் ஐந்து, 2560 ஜிபி. 51 ஜிபிக்கு இடமில்லை. அதாவது முன்னிருப்பு மதிப்பே ஆறு ஹோஸ்ட் கிளஸ்டருக்குக் கொஞ்சம் தாராளம்தான். 0.95 ஆக்கியிருந்தால் 2918 ஜிபி வரை நிரம்பியிருக்கும், ஒன்று விழுந்தால் 358 ஜிபி அளவுக்கு விஎம்கள் தெருவில் நின்றிருக்கும்.

ஹோஸ்டுகளில் ஒன்றைக் கழித்து, மொத்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உச்சம். ஆறுக்கு ஐந்து, 0.83. நான்கு ஹோஸ்ட் என்றால் 0.75. அதற்குக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும். அன்று இரவு ஏற்ற வேண்டும் என்று ஆரம்பித்த எண்ணை, அடுத்த வாரம் நாங்கள் 0.80-க்கு இறக்கினோம். அதற்காக இரண்டு ஹோஸ்ட் வாங்க வேண்டும் என்று மேலாளரிடம் போய் நின்றபோதும் அந்த ரசீதைத்தான் காட்டினேன்.

சேமிப்பகத்துக்கு வந்தால், அதன் ஃபேக்டர் முன்னிருப்பாகவே 2 என்று இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. 10 டிபி தொகுதி 20 டிபியாகக் கணக்கிடப்படும், அதில் 85 விழுக்காடு, 17 டிபி வரை ஒதுக்கப்படும். உண்மையில் நிரம்பிய அளவுக்குத் தனியாக இன்னொரு வரம்பு 0.85 இருக்கிறது, 8.5 டிபி நிரம்பினால் புது வால்யூம் அங்கே போகாது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் விஎம்கள் உள்ளே எழுதிக்கொண்டேதான் இருக்கும், அவற்றை எந்த வரம்பும் தடுக்காது. தொகுதி முழுதும் நிரம்பினால் அதிலுள்ள எல்லா விஎம்-உம் ஒன்றாக உறைந்துபோகும். ஆகவே ஃபேக்டர் 2 வைத்திருக்கிறவர்கள், தொகுதி 70 விழுக்காடு தொட்டதும் ஆளை எழுப்பும் எச்சரிக்கை கட்டாயம் வைக்க வேண்டும்.

அழித்தது எப்போது அழியும்

பயனர் ஒரு விஎம்-ஐ அழித்தால் அது உடனே போய்விடாது. ‘எக்ஸ்பஞ்ச்.டிலே’ கடந்த பிறகு, ‘எக்ஸ்பஞ்ச்.இன்டர்வல்’ படி துடைக்க வரும் வேலையாள் அதைப் பார்த்தால்தான் போகும். இரண்டும் முன்னிருப்பில் ஒரு நாள். ஆக, அழித்தது ஒரு நாளிலிருந்து இரண்டு நாள்வரை உயிரோடு இருக்கலாம். அதுவரை மீட்கலாம், ஆனால் அதுவரை வட்டிலும் இடம் பிடித்திருக்கும்.

வெள்ளி மாலை தெரியாமல் அழித்துவிட்டு, திங்கள் காலை அழுதுகொண்டு வருபவரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சிறு வணிகத்தின் கணக்கெல்லாம் அதில்தான் இருந்தது. இரண்டு நாள் அவகாசம் வார இறுதியைத் தாண்டாது. அன்றிலிருந்து டிலே 432000 நொடி, ஐந்து நாள். தீபாவளி திங்களில் வந்தால்கூட போதும். முப்பது நாள் வைக்கச் சொல்லியும் கேட்டார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இடம் ஒரு காரணம். மற்றது, சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தேவை முடிந்த தனிநபர் தரவை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வாடிக்கையாளர் அழித்துவிட்டதாக நம்பும் தரவை நாம் மாதக்கணக்கில் வைத்திருப்பது சரியில்லை.

மூடி வைக்க வேண்டிய கதவு

‘இன்டகிரேஷன்.ஏபிஐ.போர்ட்’. பழைய நிறுவல் குறிப்புகளில் இதற்கு 8096 போடச் சொல்லியிருப்பார்கள். போட்டால் அந்தப் போர்ட்டில் கடவுச்சொல் இல்லாமல், யாராக இருந்தாலும், முழு நிர்வாகி அதிகாரத்தோடு எதையும் செய்யலாம். 0 என்று வையுங்கள்.

0 வைத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு 2024 ஜூலையில் ஓர் அதிர்ச்சி வந்தது. மூடியிருக்க வேண்டிய அந்தச் சேவை, 0 என்று இருந்தால் ஏதோ ஒரு தற்செயலான போர்ட்டில் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரியவந்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2024-39864 என்று அதற்கு எண். 4.18.2.1, 4.19.0.2 பதிப்புகளில் சரிசெய்தார்கள். அதற்கு முந்தைய பதிப்பு ஓட்டுகிறீர்கள் என்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு மேம்படுத்தும் வேலையைப் பாருங்கள். மேனேஜ்மென்ட் சர்வருக்கு முன்னால் ஃபயர்வாலில், தேவையான போர்ட் தவிர மற்றவற்றை அடைத்தும் வையுங்கள். நாங்கள் அடைத்து வைத்திருந்ததால்தான் அந்த வாரம் எனக்குத் தூக்கம் வந்தது.

‘செக்ஸ்டோரேஜ்.அலவ்ட்.இன்டெர்னல்.சைட்ஸ்’ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள் நெட்வொர்க்கில் இருக்கும் வலைச் சர்வரிலிருந்து டெம்ப்ளேட் இறக்க இது தேவை. வேலை நடக்க வேண்டுமே என்று 10.0.0.0/8, அதாவது 10-இல் தொடங்கும் எல்லா முகவரியும், போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால், டெம்ப்ளேட் இறக்குகிறேன் என்ற பெயரில் எந்தப் பயனரும் உங்கள் உள் முகவரி எதையும் தட்டிப் பார்க்கலாம். டெம்ப்ளேட் இருக்கும் அந்த ஒரு முகவரியை மட்டும் /32 என்று போடுங்கள்.

நேரம்

பயன்பாட்டுக் கணக்கை வைத்து பில் போடுபவர்கள் இதை வாசிக்காமல் போகக்கூடாது. ‘யூசேஜ்.அக்ரகேஷன்.டைம்ஸோன்’ முன்னிருப்பில் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். நமக்கும் அதற்கும் 8 மணி நேர வித்தியாசம். அதனால் என்ன ஆகும்? கிளவுட்ஸ்டாக்கின் ஒரு நாள் நம் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டுக்கு முடியும். ஜூன் 1 அதிகாலை இரண்டு மணிக்கு ஒருவர் விஎம் தொடங்கினால், கணக்கில் அது மே 31 மாலை ஆறு மணி. மே மாத பில்லில் வரும். "மே மாதம் நான் வாடிக்கையாளரே இல்லையே" என்று அவர் கேட்பார், அவர் கேட்பது நியாயம்.

ஏஷியா/சிங்கப்பூர் என்று மாற்றுங்கள். ‘யூசேஜ்.எக்ஸிக்யூஷன்.டைம்ஸோன்’ என்று இன்னொன்று உண்டு, அது தொகுக்கும் வேலை எந்த நேரப்படி எழும்ப வேண்டும் என்பதற்கு. அதையும் அதே மதிப்புக்கு மாற்றுங்கள். பிறகு மேனேஜ்மென்ட் சர்வரோடு யூசேஜ் சர்வரையும் தனியாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், பலர் இதை விட்டுவிடுவார்கள். மாத நடுவில் மாற்றாதீர்கள், அந்த ஒரு நாள் கணக்கு எட்டு மணி நேரம் பிசகும். நாங்கள் மாதம் பிறந்த முதல் ஞாயிறு மாற்றி, அந்த ஒரு நாளை மட்டும் கையால் சரிபார்த்தோம்.

மின்னஞ்சல் எச்சரிக்கைக்கு ‘அலர்ட்’ என்று தொடங்கும் செட்டிங்குகளில் எஸ்எம்டிபி முகவரி, போர்ட், அனுப்புநர், பெறுநர் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். பெறுநராக ஒருவருடைய தனி முகவரியைப் போடாமல் குழு முகவரி போடுங்கள். ஆள் விலகினால் எச்சரிக்கையும் அவரோடு போய்விடக் கூடாது.

மாற்றிய பிறகு

எந்த மாற்றமானாலும் நான் ஒரு சின்னச் சுற்று வருவேன். சாதாரணப் பயனர் கணக்கில் நுழைந்து ஆகச் சிறிய விஎம் ஒன்றை உருவாக்குவது, கன்சோல் திறந்து பார்ப்பது, ஒரு சிறு டெம்ப்ளேட் இறக்குவது, விஎம்-ஐ நிறுத்தி ஸ்டார்ட் செய்வது, அழிப்பது. இருபது நிமிடம் ஆகும். நிர்வாகிக் கணக்கில் இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை கண்ணில் படாது, வரம்புகள் நிர்வாகிக்கு வேறு மாதிரி இருக்கும்.

‘கெப்பாசிட்டி.ஸ்கிப்கவுன்டிங்.ஹவர்ஸ்’ இப்போது 86400. அந்த ஞாயிறு காலை தம்பிதான் மாற்றினான், நான் பின்னால் நின்றேன். நோட்டில் அவன் எழுதிய முதல் வரி அது: 24-இலிருந்து 86400, அலகு நொடி. கேட்டது யார் என்ற பத்தியில் "அக்கா" என்று எழுதியிருந்தான். அதை அடித்து முழுப் பெயர் எழுதச் சொன்னேன்.